ஆரையம்பதியில் இரண்டு சனிக்கிழமை: சொந்த முகத்துக்கும் முடிக்கும் ஒரு வகுப்பு

மட்டக்களப்பு கல்லடியிலிருந்து தெற்கே களுவாஞ்சிகுடிக்கு வேலைக்குப் போய் வரத் தொடங்கி ஆறு வருடம். காலை ஏழேகாலுக்கு பஸ் ஏறினால் இடப் பக்க ஜன்னல் சீட்டில்தான் இருப்பேன். கடல் பக்கம் என்பதால் காற்று நன்றாக வரும். பின்னேரம் திரும்பும்போதும் அதே பக்கம்தான், அது பழகிவிட்டது. ஆரையம்பதியில் இந்த வகுப்பை நடத்தும் அக்கா என் முகத்தைப் பார்த்ததும் முதலில் கேட்டது இதைத்தான்: "பஸ்ஸில எந்தப் பக்கம் இருப்பீங்க கா?"

இடப் பக்கம் என்றேன். கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிப்போய், வெளிச்சத்தில் நிற்க வைத்துக் கண்ணாடியைக் கொடுத்தார். இடது கன்னத்து எலும்பின் மேல் இருக்கும் மங்கில் பாதிகூட வலது கன்னத்தில் இல்லை. காலையில் தெற்கே போகும்போது இடப் பக்கம் கிழக்கு. பின்னேரம் வடக்கே திரும்பும்போது அதே இடப் பக்கம் மேற்கு. இரண்டு நேரமும் வெயில் ஒரே கன்னத்தில். ஜன்னலை மூடினாலும் தப்ப முடியாது. தோலைச் சிவக்கச் சுடும் யூவிபி கதிரைத்தான் சாதாரணக் கண்ணாடி பெரும்பாலும் மறிக்கும். நிறத்தைக் கருக்கவைக்கும் யூவிஏ கதிர் அதற்குள்ளால் வந்துவிடும். மகன் பிறந்த காலத்தில் தொடங்கிய மங்குக்கு நான் எத்தனையோ பூசிவிட்டேன். எந்தக் கடையிலும் எந்தச் சலூனிலும் ஒருவரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அந்த ஒரு கேள்விக்கே நான் கட்டிய காசு சரி என்று நினைக்கிறேன்.

இது மணப்பெண் அலங்காரம் படிப்பிக்கும் வகுப்பு இல்லை. வேலைக்கும் கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் போகிற பெண், தன் கையால் தன் முகத்தையும் முடியையும் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதுதான் பாடம். இரண்டு சனிக்கிழமை, காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை, அக்காவின் வீட்டு முன் விறாந்தையில். ஒரு தடவைக்கு ஆறு பேர்தான். கட்டணம் 3,500 ரூபா, இரண்டு நாளுக்கும் சேர்த்து. பிளேன்டீயும் கடலையும் தருவார். பெயரையும் நம்பரையும் போட வேண்டாம் என்று சொன்னார், ஏற்கனவே காத்திருப்பவர்கள் அதிகம். ஆரையம்பதியில் கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள்.

வருவதற்கு முன் அவர் போடும் நிபந்தனை எனக்கு மிகவும் பிடித்தது. புதிதாக ஒரு சாமானும் வாங்கக் கூடாது. வீட்டில் இருக்கும் மேக்கப் சாமான், சீப்பு, எண்ணெய், ஷாம்பு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவர வேண்டும். அதோடு சோடாப் போத்தல் ஒன்றில் வீட்டுக் கிணற்றுத் தண்ணி. தண்ணி எதற்கு என்று இரண்டாம் சனிக்கிழமைதான் விளங்கியது.

முதல் நாள் ஒரு மணித்தியாலம் முகத்தில் ஒன்றுமே பூசவில்லை. பாயை விரித்து, அவரவர் பையைக் கொட்டச் சொன்னார். சாமானின் பின்பக்கத்தில் மூடி திறந்த டப்பா மாதிரி ஒரு சின்னப் படம் இருக்கும். அதற்குள் 12எம் அல்லது 6எம் என்று எழுதியிருக்கும். திறந்த நாளிலிருந்து அத்தனை மாதம்தான் பாவிக்கலாம். என் மஸ்காரா தங்கச்சியின் கலியாணத்துக்கு வாங்கியது, மூன்று வருடம் தாண்டிவிட்டது. கண்ணுக்கு வைப்பதை ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, கிருமி வளரும் என்று முதலில் அதைத்தான் ஒதுக்கினார். என் பையிலிருந்து இப்படி ஒன்பது சாமான் குப்பைக்குப் போனது. மனம் கேட்கவில்லைதான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லித்தான் ஒதுக்கினார்.

அதில் ஒன்றைப் பற்றிக் கட்டாயம் எழுத வேண்டும். ஒரு பென்சிக் கடையில் வாங்கிய இரவுக் கிரீம். சின்ன மஞ்சள் டப்பா; என்ன சேர்த்திருக்கிறது என்ற பட்டியலும் இல்லை, செய்தவர் விலாசமும் இல்லை. பூசி இரண்டு கிழமையில் முகம் பளிச்சென்று வந்தது, விட்டதும் முன்பைவிடக் கருத்தது. அக்கா அதைத் திறந்தும் பார்க்கவில்லை. இப்படித் திடீரென்று வெளுக்கவைக்கும் பெயரில்லாத கிரீம்களில் பாதரசம் இருக்கலாம், அது தோலோடு நிற்காது, சிறுநீரகம் வரைக்கும் போகும் என்றார். வீட்டுக்கு வந்து தேடி வாசித்தேன். 2017 இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை, பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள அழகுசாதனங்களை 2020 உடன் நிறுத்த வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. அப்படியிருந்தும் நம் கடைத்தெருவில் பெயரில்லாத டப்பாக்கள் அடுக்கிக் கிடக்கின்றன, பதினாறு வயதுப் பிள்ளைகள் வாங்குகிறார்கள். எனக்கு அன்று இரவு நித்திரை வரவில்லை. என் அக்கா மகளுக்கும் அதே டப்பாவை நான்தான் வாங்கிக் கொடுத்திருந்தேன். விடிந்ததும் போய் அதைத் திருப்பி வாங்கிக் கொண்டு வந்துவிட்டேன்.

சரி, பூச்சுக்கு வருவோம். சன்ஸ்கிரீனை நான் கடலை அளவு பூசிக்கொண்டிருந்தேன். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஆள்காட்டி விரல், நடு விரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கிப் பூச வேண்டும். வெயிலிலிருந்து எவ்வளவு பாதுகாப்பு என்று டப்பாவில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் எண், சதுர சென்ரிமீற்றருக்கு இரண்டு மில்லிகிராம் பூசி அளந்தது. அதில் கால்வாசி பூசினால் அந்தப் பாதுகாப்புக் கிடைக்காது. எஸ்பிஎஃப் 30 க்கும் 50 க்கும் இடையில் வித்தியாசம் சின்னதுதான், யூவிபியில் 97 வீதமும் 98 வீதமும் மறிக்கும். போதிய அளவு பூசுவதுதான் பெரிய வித்தியாசம். என்னைப் போல் மங்கு உள்ளவர்களுக்கு நிறம் சேர்த்த சன்ஸ்கிரீன் நல்லது என்றார். அதில் இருக்கும் இரும்பு ஒக்சைட் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் ஓரளவு மறிக்கும், மங்கை அந்த ஒளியும் கூட்டும். இன்னொரு நன்மையும் இருக்கிறது. சிங்க் ஒக்சைட், டைட்டானியம் டையொக்சைட் கலந்த வெள்ளைச் சன்ஸ்கிரீன் நம் நிறத்தில் சாம்பல் பூசியது போல நிற்கும். நிறம் சேர்த்ததில் அந்தக் குறை இல்லை.

பவுண்டேசன் நிறம் பார்ப்பதைக் கடைக்குள் டியூப் லைட்டின் கீழ், கையின் பின்பக்கத்தில் செய்யக் கூடாது. தாடை எலும்பில் மூன்று கோடு போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். எந்தக் கோடு காணாமல் போகிறதோ அதுதான் நம் நிறம். "முகம் கழுத்தோட சேரணும் கா, கழுத்த விட்டுட்டுத் தனியாப் போகக் கூடா" என்று அவர் சொன்னது இன்றும் கண்ணாடி முன் நின்றால் ஞாபகம் வரும். என் நிறத்துக்குச் சரியானது கடைகளில் கிடைப்பதில்லை. ஒன்று வெளுப்பு, அடுத்தது செங்கல். இரண்டையும் கலந்து, அதையும் முழு முகத்துக்கும் பூசாமல் மூக்கைச் சுற்றியும் மங்கின் மேலும் மட்டும் விரலால் ஒற்றப் பழக்கினார். மற்ற இடத்தில் தோல் தோலாகவே இருக்கட்டும்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் பத்து மணிக்கே முகம் வழியும். அந்த வியர்வையின் மேல் பவுடரைத் தேய்த்தால் திட்டுத் திட்டாகும் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் என்ன செய்வது என்று தெரியாது. முதலில் டிசுவை முகத்தில் வைத்து அழுத்தி எடுக்க வேண்டும். பிறகு பவுடரைப் பஞ்சில் மடித்து, நெற்றியிலும் மூக்கிலும் மட்டும் அழுத்த வேண்டும், தேய்க்கக் கூடாது. கண் மைக்கும் இதே வழிதான். கீழ் இமையில் கிரீமோ எண்ணெயோ இருந்தால் மை கரைந்து இறங்கும். இமைக்குக் கீழே கொஞ்சம் பவுடர், மை கீறிய பிறகு அதன் மேல் கறுப்பு ஐஷாடோவைச் சின்னத் தூரிகையால் ஒரு ஒற்று. மாலை நாலரைக்குக் களுவாஞ்சிகுடியில் பஸ் ஏறும்வரை என் மை நின்றது. லிப்ஸ்டிக்கும் கன்னத்துச் சிவப்பும் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டன. அதில் எனக்குப் புதிதாக ஒன்றும் இல்லை.

எங்களோடு குருக்கள்மடத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். நெற்றியில் ஒட்டுப் பொட்டு. அதைக் கழற்றச் சொன்னபோது அடியில் பொட்டு வட்டத்திலேயே ஒரு வெளிறிய தழும்பு. வருடக் கணக்காக அதைப் பொட்டாலேயே மறைத்து வந்திருக்கிறார். சில ஒட்டுப் பொட்டுகளின் பசையில் உள்ள ஒரு இரசாயனம் தோலின் நிறத்தையே எடுத்துவிடும். அக்கா அதற்கு மேல் கை வைக்கவில்லை. ஒட்டுப் பொட்டை இன்றோடு விடுங்கள், ஆஸ்பத்திரியில் தோல் டொக்டரிடம் காட்டுங்கள் என்று மட்டும் சொன்னார். தனக்குத் தெரியாத இடத்தில் நிறுத்திக்கொள்கிறவர் என்பதால்தான் மற்றதையும் நம்பினேன்.

இரண்டாம் சனிக்கிழமை முடி. இதற்காகவே இன்னொரு தடவை காசு கட்டிப் போகலாம்.

ஆறு போத்தல் தண்ணியையும், அதோடு மழைத் தண்ணி, குழாய்த் தண்ணிப் போத்தல்களையும் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றிலும் சீவிய சவர்க்காரம் ஒரே அளவு. மூடிக் குலுக்கச் சொன்னார். மழைத் தண்ணியில் வெள்ளை நுரை போத்தல் கழுத்து வரை வந்தது. குழாய்த் தண்ணி அதற்கு அடுத்தது. என் கல்லடிக் கிணற்றுத் தண்ணியில் நுரை ஒரு விரலுக்கும் குறைவு, பால் கலங்கியது போல ஒரு கலங்கல். கல்சியமும் மக்னீசியமும் கூடிய தண்ணி சவர்க்காரத்தோடு சேர்ந்து படிவாகி முடியில் ஒட்டும். முழுகின பிறகும் முடி பிசுபிசுவென்று, சீப்புக்கு இறங்காமல் இருந்ததற்கு ஷாம்புதான் காரணம் என்று நினைத்து நாலு வகை மாற்றியிருந்தேன். இப்போது கிணற்றுத் தண்ணியில் முழுகிவிட்டு, கடைசியாக ஒரு வாளி குழாய்த் தண்ணியில் அலசுகிறேன். மாரி மழைக்குப் பீலியில் பிடித்த தண்ணி இருந்தால் இன்னும் நல்லது. தலைக்குச் சவர்க்காரம் போடுவதை வீட்டில் எல்லோருக்கும் நிறுத்திவிட்டேன்.

எண்ணெய் வைப்பதில் நான் செய்துவந்தது தலைகீழ். முழுகி, ஈரத் தலையில் எண்ணெய் வைத்து, இறுக்கிப் பின்னி வேலைக்கு ஓடுவேன். எண்ணெய் முழுகுவதற்கு முன்தான். தேங்காய் எண்ணெய் முடிக்குள் இறங்கிப் புரதம் கழுவுப்பட்டுப் போவதைக் குறைக்கிறது என்று 2003 இல் வெளிவந்த ஒரு ஆய்வு காட்டியது; சூரியகாந்தி எண்ணெயும் மினரல் எண்ணெயும் அப்படிச் செய்யவில்லை. ஆகவே நம் அம்மம்மாமார் வெள்ளிக்கிழமை எண்ணெய் வைத்து ஊறவிட்டு அரப்பும் தேசிக்காயும் போட்டு முழுகிய ஒழுங்கு சரியான ஒழுங்குதான். ஆனால் பொடுகு இருந்தால் மண்டைத் தோலில் எண்ணெய் வைக்க வேண்டாம். பொடுகுக்குக் காரணமான பூஞ்சணம் எண்ணெயைத் தின்றுதான் வளரும். பொடுகு உள்ளவர் நுனி முடிக்கு மட்டும் எண்ணெய் வைத்து, மருந்து ஷாம்புவைத் தலையில் ஐந்து நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும்.

காத்தான்குடியிலிருந்து வந்த ராத்தா ஒருவருக்கு முன் நெற்றி ஓரம் முடி ஏறிக்கொண்டே போனது. ஈரத்தோடு இறுக்கிக் கொண்டை போட்டு, அதன் மேல் ஸ்கார்ஃப் கட்டுவாராம். ஈர முடி ஊதி இழுபடும், எளிதில் அறும். இறுக்கிக் கட்டினால் வேரும் இழுபடும். விடியக் காலை முழுகுவதை முதல் நாள் பின்னேரத்துக்கு மாற்றச் சொன்னார் அக்கா, தளர்வாக, தாழ்வாகக் கொண்டை போடக் காட்டினார். சீவுவதும் உச்சியிலிருந்து இல்லை. பெரிய பல் சீப்பால் நுனியில் தொடங்கி மேலே வர வேண்டும். எனக்குப் பிள்ளை பிறந்து மூன்றாம் மாதம் முடி கை நிறையக் கொட்டியபோது அழுதிருக்கிறேன். அது அனேகம் பேருக்கு வந்து தானாகவே நிற்பது, முடி மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவில்தான் வளரும் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் அத்தனை எண்ணெய்ப் போத்தல் வாங்கியிருக்க மாட்டேன்.

குறைகளும் இருக்கின்றன. விறாந்தை மேற்குப் பார்த்தது, பன்னிரண்டு மணிக்குப் பிறகு தகரக் கூரைச் சூட்டில் பூசிய எல்லாம் வழிந்தது. ஒரே ஒரு மின்விசிறி. ஆறு பேருக்கு ஒரு பெரிய கண்ணாடி போதாது. தலைக்கு மை பூசுவதற்கு அக்கா ஐந்து நிமிடம்தான் ஒதுக்கினார், அது எனக்குச் சரியாகப் படவில்லை. நரை மறைக்கும் கறுப்பு மைகளில் உள்ள பிபிடி என்ற இரசாயனம் சிலருக்குக் கடும் ஒவ்வாமை தரும். பூசுவதற்கு 48 மணித்தியாலத்துக்கு முன் காதுக்குப் பின்னால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பதை அவர் போகிற போக்கில் சொன்னார். எங்களில் நாலு பேர் மை பூசுகிறவர்கள். அதற்குத் தனியாக ஒரு மணித்தியாலம் வேண்டும். வெந்தயமும் செவ்வரத்தையும் அரைத்துப் பூசினால் முடி வளரும் என்பதையும் உறுதியாகச் சொன்னார். முடி மெதுவாகிறது, அது எனக்கே தெரிகிறது. வளர்கிறது என்று என்னால் சொல்ல முடியாது.

நாலு மாதமாகிறது. மங்கு போகவில்லை, ஆனால் இரண்டு கன்னமும் இப்போது ஒரே அளவுக்கு வந்திருக்கின்றன. காலையில் முகத்துக்குப் பன்னிரண்டு நிமிடம், ஐந்தே ஐந்து சாமான். பஸ்ஸில் வலப் பக்கம் இருக்கிறேன்.

போகிறவர்கள் கைக்கண்ணாடி ஒன்றும் சின்னத் துவாய் ஒன்றும் கொண்டு போங்கள். தண்ணிப் போத்தலை மறக்க வேண்டாம், கிணற்றில் அன்று காலையே அள்ளியதாக இருக்கட்டும்.