பழைய டீலக்ஸ் ரிவெர்பா, புதிய ரீஇஷ்யூவா?

கிட்டாருக்கு ட்யூப் ஆம்ப் (வெற்றிடக் குழாய்களால் ஒலியைப் பெருக்கும் பெட்டி) தேடுகிறவர்கள் எங்கே சுற்றினாலும் ஒரு கட்டத்தில் ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் முன்னால் வந்து நிற்பார்கள். 22 வாட், 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, ரிவெர்ப் (எதிரொலி), ட்ரெமோலோ (ஒலி அலைபோல் ஏறி இறங்குவது). சின்ன மேடைக்கு வேறென்ன வேண்டும்? அடுத்த கேள்விதான் சிக்கல். 1960, 70களின் பழைய பெட்டியா, 1993 முதல் ஃபெண்டரே விற்கும் '65 ரீஇஷ்யூவா (1965 மாடலின் மறுபதிப்பு)? நான் நியூ ஜெர்சியில் இருக்கிறேன். ரீஇஷ்யூவைக் கொஞ்ச காலம் வாசித்துவிட்டு விற்று, 70களின் தொடக்கத்தில் வந்த சில்வர்ஃபேஸ் (வெள்ளி நிற முகப்புள்ள மாடல்) ஒன்றை வாங்கினேன். திரும்பிப் போகும் எண்ணம் இல்லை. அதனால் இந்த அலசல் பழையதன் பக்கம்தான் சாயும்.

ஒலியைப் பற்றி நீட்டி முழக்கப் போவதில்லை. இரண்டும் ஏபி763 என்ற ஒரே சர்க்யூட்டின் வாரிசுகள். ஸ்பீக்கரை இயக்கும் பவர் ட்யூப் இரண்டிலும் 6வி6 வகை ஜோடிதான். காதுக்குத் தெரியும் வித்தியாசத்தில் பெரும்பங்கு ஸ்பீக்கரிலிருந்தே வருகிறது. ரீஇஷ்யூவில் பழகிய ஸ்பீக்கர் ஒன்றை மாட்டினாலே பாதி தூரம் கடந்துவிடலாம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1965-ல் சிபிஎஸ் நிறுவனம் ஃபெண்டரை வாங்கிய பிறகு, 60களின் கடைசியில் கறுப்பு முகப்பு வெள்ளியானது. கறுப்புக்கு மட்டும் சேகரிப்பாளர்கள் விலையை எங்கோ ஏற்றிவிட்டார்கள். ஆனால் சிபிஎஸ் காலத்தில் மற்ற மாடல்களின் சர்க்யூட்டில் நடந்த மாற்றங்கள் டீலக்ஸ் ரிவெர்பை அவ்வளவாகத் தொடவில்லை. ஆரம்பகால சில்வர்ஃபேஸ் கிட்டத்தட்ட அதே ஆம்ப்தான், விலையோ புது ரீஇஷ்யூவுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது.

என் முடிவைத் தீர்மானித்தது ஒரே விஷயம்: பழுதானால் உள்ளே கை வைக்க முடிகிறதா?

பழைய ஆம்பின் சேஸிஸை (பாகங்களைத் தாங்கும் உலோகச் சட்டம்) கழற்றித் திருப்பினால் நீளமான கறுப்பு ஃபைபர் அட்டை ஒன்று தெரியும். அதில் வரிசையாகப் பித்தளைக் கண்ணிகள். ஒவ்வொரு ரெசிஸ்டரும் கேப்பாசிட்டரும் அந்தக் கண்ணிகளில் கையால் சால்டர் செய்யப்பட்டவை. துணி சுற்றிய ஒயர்கள் அங்கிருந்து ட்யூப் சாக்கெட்டுக்கும் முகப்பிலுள்ள பாட்களுக்கும் (குமிழால் திருகும் கன்ட்ரோல்கள்) போகின்றன. சர்க்யூட் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் சிக்னல் போகும் பாதையை விரலால் காட்டலாம்.

வாசிக்காதபோதும் பின்னணியில் பொரிகிற மாதிரி சத்தம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் ட்யூபை மாற்றிப் பார்ப்போம். போகவில்லை என்றால் ஆம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே மரக்குச்சியால் ஒவ்வொரு பாகமாக லேசாகத் தட்டிப் பார்ப்பது மெக்கானிக்குகளின் வழக்கம். பெரும்பாலும் மாட்டுவது, சிக்னலை முதலில் பெருக்கும் பிரீஆம்ப் ட்யூபின் பிளேட் ரெசிஸ்டர்: பழுப்பு, கறுப்பு, மஞ்சள் பட்டை போட்ட 100 கிலோஓம். இரண்டு கண்ணிகளைச் சூடாக்கி, பழையதை எடுத்து, புதியதை வைத்தால் முடிந்தது. பக்கத்து பாகம் எதற்கும் சேதமில்லை. இதே இடத்தில் அடுத்த தலைமுறையிலும் இன்னொருவர் இதைச் செய்யலாம்.

ரீஇஷ்யூவில் இருப்பது பிசிபி, அதாவது செப்புத் தடங்கள் அச்சிட்ட சர்க்யூட் போர்டு. அதனால் ஒலி கெடும் என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. ஒயரிங் ஒரே சீராக இருக்கும், விலையும் அதனால்தான் கட்டுக்குள் நிற்கிறது. சிரமம் ரிப்பேரில்தான். ஒரு பாகத்தை எடுக்கவே போர்டு முழுவதையும் கழற்றித் திருப்ப வேண்டி வரலாம். சூடு கொஞ்சம் கூடினாலும் செப்புத் தடம் உரிந்து வரும். ட்யூப் சாக்கெட்டுகளையே போர்டில் சால்டர் செய்யும் புதிய ஆம்ப்களில் ட்யூபின் சூடும் சேர்ந்து அந்த இணைப்புகளைப் பதம் பார்க்கும். என்னிடம் ரீஇஷ்யூ இருந்தது கொஞ்ச காலம்தான், அது ஒருநாளும் தொந்தரவு தரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1993-ல் வந்தவை முப்பதைத் தாண்டியும் மேடையேறுகின்றன. கையால் ஒயரிங் செய்த '64 கஸ்டம் என்ற மாடலையும் ஃபெண்டர் விற்கிறது, ஆனால் அந்த விலைக்கு நல்ல சில்வர்ஃபேஸே கிடைத்துவிடும்.

பழையதற்குச் செலவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். எலக்ட்ரோலிட்டிக் கேப்பாசிட்டர்களின் ஆயுள் இருபது ஆண்டுகளுக்குள்தான். சேஸிஸின் மேல் தகர மூடிக்குள் இருக்கும் ஐந்தும், பவர் ட்யூபின் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் பயாஸ் பகுதியின் கேப்பாசிட்டரும் யாராவது மாற்றியிருக்க வேண்டும், இல்லையென்றால் நீங்கள் மாற்ற வேண்டும். இரண்டு முள் பிளக் இருந்தால், வாசிப்பதற்கு முன்பே மூன்று முள் கார்டு போட்டு, சேஸிஸுக்கும் மெயின்ஸுக்கும் நடுவே இருக்கும் 'டெத் கேப்'பை அகற்றிவிடுங்கள். அது ஷார்ட் ஆனால் மின்சாரம் கிட்டார் கம்பி வரைக்கும் வரும். ஈரம் குடித்த ஃபைபர் அட்டை தானே மின்சாரம் கடத்த ஆரம்பிப்பதும் உண்டு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். பழக்கமில்லாதவர்கள் திறக்கவே கூடாது, நல்ல மெக்கானிக்கிடம் கொடுத்துவிட வேண்டும். அப்படி ஒருவர் உங்கள் ஊரில் இல்லையென்றால் ரீஇஷ்யூவே வாங்குங்கள்.

சென்னையிலோ கொழும்பிலோ இருப்பவர்களுக்கும் என் பதில் ரீஇஷ்யூதான். அதில் 230 வோல்ட் மாடலே கிடைக்கிறது. அமெரிக்கப் பழைய ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மர் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. ஸ்டெப்-டவுன் போட்டு வோல்ட்டேஜைக் குறைத்தாலும் 50 ஹெர்ட்ஸ் 50 ஹெர்ட்ஸாகவேதான் இருக்கும், டிரான்ஸ்ஃபார்மர் கூடுதலாகச் சூடேறும்.

மறுவிற்பனை பற்றி ஒரே வரி: ரீஇஷ்யூ கடையை விட்டு வெளியே வந்ததுமே விலை இறங்கும், ஒழுங்காகப் பார்த்துக்கொண்ட பழையது அப்படி இறங்குவதில்லை.

பழையது என்று முடிவெடுத்தவர்கள் பணம் கொடுக்கும் முன் டிரான்ஸ்ஃபார்மர்களைப் பாருங்கள். ரெசிஸ்டர் சில்லறைக் காசு, டிரான்ஸ்ஃபார்மர் அப்படியல்ல. மேலே அச்சிட்ட எண் 606 என்று தொடங்கினால் அது ஷூமாக்கர் செய்தது. அடுத்த இலக்கம் ஆண்டின் கடைசி எண், அதற்கடுத்த இரண்டும் எத்தனையாவது வாரம் என்பது. 606-1-20 என்றால் 1971-ன் இருபதாவது வாரம். டிரான்ஸ்ஃபார்மர்கள் எல்லாம் ஆம்பின் வயதுக்குப் பொருந்தினால் தாராளமாக வாங்கலாம். ஏதாவது ஒன்று பொருந்தாவிட்டால் ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள், விலையையும் குறைத்துக் கேளுங்கள்.