ஸ்பூனா, குழந்தையின் கையா? முதல் திட உணவுக்கு இரண்டு வழிகள்

மூத்தவளுக்கு ஸ்பூனில் மசியல் ஊட்டித் தொடங்கினேன். இளையவனுக்கு வேகவைத்த காய்த் துண்டைக் கையிலேயே கொடுத்துத் தொடங்கினேன். இரண்டிலும் நன்றாகப் போனதும் உண்டு, மறுபடி வாய்ப்புக் கிடைத்தால் மாற்றிச் செய்வேன் என்று நினைப்பதும் உண்டு. ஆறு மாதத்தை நெருங்கும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு எந்த முறை நல்லது என்று குழம்புகிறவர்களுக்காக இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

எப்போது தொடங்குவது என்பதில் பெரிய சண்டை இல்லை. ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும், அதன்பிறகு தாய்ப்பாலோடு இணை உணவு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 2023-ல் வந்த அதன் வழிகாட்டுதலும் ஆறு மாதத்தில் தொடங்கத்தான் சொல்கிறது. நாள்காட்டியைவிட எனக்கு உதவியது குழந்தையின் உடம்பு. தலை ஆடாமல் நிற்க வேண்டும். லேசாகத் தாங்கிக்கொண்டால் உட்கார வேண்டும். கண்ணில் பட்டதை எட்டிப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோக வேண்டும். இன்னொன்று நாக்கு. வாயில் வைத்ததையெல்லாம் நாக்கு வெளியே தள்ளினால் உடனே 'பிடிக்கவில்லை போல' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பால் தவிர வேறெதுவும் உள்ளே போகாமல் காக்கும் பிறவி அனிச்சை இன்னும் அடங்கியிருக்காது. ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள்.

இங்கேயே இரண்டு முறைகளும் பிரிந்துவிடுகின்றன. கையில் கொடுத்தால், தயாராகாத குழந்தைக்குள் உணவு போகவே போகாது. பிடிக்கவும் வாய்க்குக் கொண்டுபோகவும் தெரிந்தால்தான் சாப்பாடு. ஸ்பூனுக்கு அந்தத் தடை கிடையாது. நான்கு மாதக் குழந்தையைச் சாய்த்துப் பிடித்தும் வாயில் ஊற்றிவிடலாம். அதனால் ஸ்பூன் பிடிக்கிறவருக்குப் பொறுப்பு அதிகம்.

ஸ்பூன் மசியல்

இதன் பெரிய பலம், என்ன உள்ளே போனது என்று தெரியும். பருப்பும் சோறும் மசித்துக் கொஞ்சம் எண்ணெய் விட்டு மூன்று மேசைக்கரண்டி ஊட்டினால், மூன்று மேசைக்கரண்டி போனது என்று நிம்மதியாக இருக்கலாம். தாய்ப்பால் குடிக்கும் ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைக்கு மற்ற உணவிலிருந்து நாளுக்கு ஏறக்குறைய 200 கலோரி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதை எட்ட ஸ்பூன்தான் சுலபமான வழி.

ஆனால் பலர் செய்யும் தவறு, நானும் செய்தது, மசியலைத் தண்ணீராகக் கரைப்பது. தொண்டையில் சிக்கிவிடுமோ என்ற பயத்தில் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று வெந்நீர் ஊற்றிக்கொண்டே போவோம். 100 மில்லி தாய்ப்பாலில் 65 முதல் 70 கலோரி இருக்கிறது. தண்ணீர்போல் ஓடும் கஞ்சியில் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஏழு கிலோ குழந்தையின் வயிறு ஒரு தடவைக்கு ஒரு டம்ளர் அளவுதான் பிடிக்கும். அதைக் கஞ்சித் தண்ணீரால் நிரப்பினால் பாலுக்கு இடமில்லாமல் போகிறது, சத்தும் குறைகிறது. பதம் பார்க்க எளிய வழி: ஸ்பூனில் எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். வழிந்து ஓடக் கூடாது, ஸ்பூனிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

அடுத்த சிக்கல், மிக்ஸியில் அரைத்த வழவழப்பிலேயே நின்றுவிடுவது. மூத்தவள் அழகாகச் சாப்பிடுகிறாளே என்று பத்து மாதம்வரை அரைத்தே கொடுத்தேன். ஒருநாள் அரைபடாத ஒரே ஒரு பருக்கை நாக்கில் பட்டதும் முகம் சுருங்கி, உடம்பே குலுங்கி, சாப்பிட்ட அத்தனையையும் கக்கிவிட்டாள். அதிலிருந்து மீள மூன்று மாதம் ஆனது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் 1990-களின் தொடக்கத்தில் பிறந்த குழந்தைகளைப் பல வருடம் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று உண்டு. ஒன்பது மாதத்துக்குப் பிறகே கட்டியான உணவுக்கு வந்தவர்கள் ஏழு வயதில் காயும் பழமும் குறைவாகச் சாப்பிட்டதாகவும், சாப்பாட்டுத் தகராறுகள் அவர்களிடம் அதிகம் இருந்ததாகவும் அதில் தெரிந்தது. எனக்கு இது தாமதமாகத்தான் தெரியவந்தது. முதல் இரண்டு வாரம் வழவழப்பு போதும். அப்புறம் மிக்ஸியை மூடிவைத்துவிட்டு முள்கரண்டியால் மசியுங்கள்.

மூன்றாவது, ஸ்பூனின் வேகம் நம் கையில் இருப்பது. குழந்தை முகத்தைத் திருப்பிவிடும், வாயை இறுக்கிக்கொள்ளும், நாம் 'ஒரே ஒரு வாய்' என்று உள்ளே தள்ளுவோம். கிண்ணத்தைக் காலி செய்யும் ஆசையில் அதன் 'போதும்' நம் காதில் விழுவதில்லை.

குழந்தையே எடுத்துச் சாப்பிடுவது

பிரிட்டனில் தாய்சேய் நலப் பணியில் இருந்த கில் ராப்லி பரவலாக்கிய முறை இது. மசியல் இல்லை, ஊட்டுவதும் இல்லை. நம் விரல் நீளத்துக்கும் பருமனுக்கும் வெட்டி மெத்தென்று வேகவைத்த துண்டுகளை முன்னால் வைத்துவிட வேண்டும். எடுப்பதும் கடிப்பதும் விடுவதும் குழந்தையின் பாடு.

ஏன் விரல் நீளம்? ஆறு மாதக் குழந்தையால் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்த்துக் கிள்ளி எடுக்க முடியாது. அது எட்டு ஒன்பது மாதத்தில்தான் வரும். அதுவரை முழு உள்ளங்கையால்தான் பிடிக்கும். சின்னச் சதுரமாக நறுக்கிக் கொடுத்தால் துண்டு கைக்குள் மறைந்துவிடும். இளையவனின் முதல் நாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. வேகவைத்த கேரட்டை இறுகப் பிடித்தான். முட்டிக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த பகுதியை ஈறால் சுரண்டித் தின்றான். மிச்சம் கைக்குள் மாட்டிக்கொண்டது. முட்டியைத் திறக்கத் தெரியாமல், கையையே முழுதாக வாய்க்குள் திணிக்கப் பார்த்தான். பத்து நாளில் திறக்கக் கற்றுக்கொண்டான். அந்தப் பத்து நாளில் அவன் விழுங்கியது மிகக் கொஞ்சம், கற்றுக்கொண்டது ஏராளம்.

இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது, சாப்பாட்டு நேரத்தில் சண்டையே இல்லாதது. வேண்டாம் என்றால் கையிலிருந்து விட்டுவிடுவான், அவ்வளவுதான். சுத்தம் செய்கிற வேலை மட்டும் இரட்டிப்பு.

தொண்டையில் சிக்கினால்?

கையில் கொடுப்பதற்குத் தயங்குகிற எல்லோரும் கேட்கும் கேள்வி இதுதான். நியாயமான பயம். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகம் 206 தாய்மாரைக் கையில் கொடுப்பவர்கள், ஸ்பூனில் ஊட்டுபவர்கள் என்று இரண்டு குழுவாகப் பிரித்து இதைச் சோதித்தது. 2016-ல் வந்த முடிவில், மூச்சடைப்பு இரண்டு குழுவிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது. ஆனால் இதைப் படித்துவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். ஆறிலிருந்து எட்டு மாதத்துக்குள் 35 சதவீதக் குழந்தைகளுக்கு ஒரு தடவையாவது அடைப்பு வந்ததாகத் தாய்மார் சொன்னார்கள், ஸ்பூன் குழுவையும் சேர்த்துத்தான். தவிர, கையில் கொடுத்த குழுவுக்கு எதைக் கொடுக்கலாம், எதைக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்தப் பயிற்சி இல்லாமல் தட்டில் கிடைத்ததைக் கொடுக்கிறவருக்கு அந்த முடிவு பொருந்தாது.

ஓங்கரிப்பும் மூச்சடைப்பும் வேறு வேறு. இதை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். ஓங்கரிக்கும்போது சத்தம் வரும், முகம் சிவக்கும், கண்ணில் நீர் முட்டும், நாக்கு உணவை முன்னால் தள்ளும். குழந்தையின் தொண்டை தன்னைத் தானே காத்துக்கொள்கிறது, நாம் பேசாமல் இருந்தாலே போதும். விரலை விட்டு எடுக்கப் போனால் உணவு இன்னும் உள்ளேதான் போகும். மூச்சடைப்பில் சத்தமே இருக்காது. அழ முடியாது, இரும முடியாது, உதடு நீலம் பாயும். அப்போது ஒரு நொடியும் காத்திருக்கக் கூடாது. குழந்தையைக் குப்புற முன்கையில் கிடத்தி, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு. வெளியே வரவில்லையென்றால் மல்லாத்தி, நெஞ்சின் நடுவில் ஐந்து அழுத்தல். மறுபடி தட்டு, மறுபடி அழுத்தல். அதற்குள் இன்னொருவர் அவசர உதவிக்கு அழைக்க வேண்டும். ஒரு வயதுக்குக் கீழே வயிற்றில் அழுத்தவே கூடாது. எந்த முறையில் தொடங்கினாலும் முதல் வாய்க்கு முன்னால் வீட்டில் இருக்கிற எல்லோரும் இதை நேரில் கற்றுக்கொள்வது நல்லது.

முழு திராட்சை, கொட்டை வகைகள், பாப்கார்ன், வேகவைக்காத கேரட், வேகவைக்காத ஆப்பிள் இவை இரண்டு முறையிலும் கிடையாது. திராட்சையை நீளவாக்கில் நான்காக வகிர்ந்துதான் கொடுக்க வேண்டும். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால் துண்டு நசுங்க வேண்டும். நசுங்காவிட்டால் இன்னும் வேகட்டும். நேராக உட்காரவைத்து, பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்துதான் சாப்பிட வேண்டும், காரில் போகும்போது வேண்டாம்.

இரும்புச்சத்து

என் மனதை மாற்றியது இந்தக் கணக்குதான். பிறக்கும்போது கொண்டுவரும் இரும்புச் சேமிப்பு ஆறு மாதவாக்கில் தீர்ந்துபோகிறது. தாய்ப்பாலில் இரும்பு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்கூட இல்லை. ஏழு முதல் பன்னிரண்டு மாதக் குழந்தைக்கு அமெரிக்கப் பரிந்துரை நாளுக்கு 11 மில்லிகிராம். வளர்ந்த ஆணுக்கு அதே பரிந்துரை 8 மில்லிகிராம்தான். அத்தனை சிறிய உடம்புக்கு அத்தனை தேவை.

கையில் கொடுக்கும்போது நமக்குச் சுலபமாக வருவது வாழைப்பழம், வெந்த கேரட், உருளைக்கிழங்கு. எல்லாம் நல்லவைதான், இரும்பு மட்டும் அவற்றில் சொற்பம். இளையவனின் தட்டில் முதல் இரண்டு மாதம் பழமும் காயும்தான் இருந்தன. ஒன்பதாவது மாதம் ரத்தம் பார்த்தபோது ஹீமோகுளோபின் குறைந்திருந்தது, இரும்பு மருந்து கொடுக்க வேண்டிவந்தது. நியூசிலாந்துச் சோதனையில் அப்படி நடக்கவில்லை. ஒவ்வொரு வேளையும் இரும்புள்ள உணவு ஒன்று கட்டாயம் என்று அந்தத் தாய்மாருக்குச் சொல்லியிருந்தார்கள், இரண்டு குழுவின் இரும்பு நிலையிலும் வித்தியாசம் இல்லை. ஆக, கோளாறு முறையில் இல்லை, என் தட்டில் இருந்தது. கொத்திய இறைச்சியை மெத்தென்று நீள உருண்டையாகப் பிடித்து வேகவைக்கலாம். முட்டையை நன்றாக வேகும்படி அடையாக ஊற்றிப் பட்டையாக வெட்டலாம். சைவம் என்றால் கெட்டிப் பருப்பு, இரும்பு சேர்த்த தானியக் கூழ், கூடவே வைட்டமின் சி உள்ள பழம். அந்தப் பழம் தாவர உணவின் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும்.

ஒவ்வாமை தரும் உணவுகள்

இதில் ஸ்பூனும் கையும் ஒன்றுதான். மாறியது மருத்துவம். வேர்க்கடலையை மூன்று வயதுவரை தள்ளிப்போடுங்கள் என்று, ஒவ்வாமை வர வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதெமி 2000-ல் சொன்னது. 2008-ல் கைவிட்டது. 2015-ல் லண்டனிலிருந்து 640 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு வந்தது. கடுமையான தோல் அழற்சியோ முட்டை ஒவ்வாமையோ இருந்த குழந்தைகள் அவர்கள். வேர்க்கடலையைத் தவிர்த்தவர்களில் ஐந்து வயதில் 17.2 சதவீதத்தினருக்கு ஒவ்வாமை. சின்ன வயதிலேயே சாப்பிட்டவர்களில் 3.2 சதவீதம். ஆகவே முட்டையையும் வேர்க்கடலையையும் முதல் வருடத்திலேயே கொடுங்கள். வேர்க்கடலை என்றால் முழுதாகவோ கட்டி வெண்ணெயாகவோ வேண்டாம், கூழில் நீர்க்கக் கலந்து. ஒரு நாளில் புது உணவு ஒன்றே ஒன்று, காலை நேரத்தில். ஏற்கெனவே தோல் அழற்சி மோசமாக இருக்கும் குழந்தை என்றால் முதலில் மருத்துவர்.

கடையில் வாங்குவது

உறிஞ்சிக் குடிக்கும் பழக்கூழ் பைகளை நான் வாங்குவதில்லை. மெல்லவும் கற்பதில்லை, உணவைக் கண்ணால் பார்ப்பதும் இல்லை. வாங்கினால் ஸ்பூனில் பிழிந்து கொடுங்கள். இரும்பு சேர்த்த தானிய மாவு நல்லது, அரிசியிலேயே நிற்காமல் மாற்றி மாற்றிக் கொடுத்தால் இன்னும் நல்லது. அரிசி மண்ணிலிருந்து ஆர்செனிக்கை அதிகம் இழுக்கும். ஒரு வயதுவரை உப்பும் சர்க்கரையும் வேண்டாம். தேன் ஒரு துளிகூட வேண்டாம், அதில் இருக்கக்கூடிய பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் குழந்தையின் நரம்பையே முடக்கக்கூடியவை.

இப்போது தொடங்கினால்

முதல் நாளிலிருந்தே இரண்டும்தான். கெட்டியான மசியல் ஸ்பூனில், மெத்தென்ற ஒரு துண்டு கையில். இரும்பை ஸ்பூன் பார்த்துக்கொள்ளும், மெல்லுவதைக் கை கற்றுக்கொடுக்கும். இரண்டு ஸ்பூன் வைத்துக்கொள்வேன், நிரப்பியதை அதன் கையில் கொடுத்துவிட்டு, அது வாய்க்குக் கொண்டுபோகும் நேரத்தில் அடுத்ததை நிரப்புவேன். எட்டு மாதத்தில் மசியல் பாதியாகக் குறையட்டும். குறைமாதத்தில் பிறந்த, எடை ஏறாத, தசை வலு குறைந்த குழந்தைக்கு மட்டும் கையை நம்பித் தொடங்க மாட்டேன், ஸ்பூனில் தொடங்கி மருத்துவர் சொல்கிறபடி போவேன். புது உணவைத் துப்பினால் மூன்று நாள் விட்டு மறுபடி வைப்பேன். மூத்தவளுக்குக் கீரை பிடிக்காது என்று நான்காம் தடவையோடு நிறுத்திவிட்டேன். இளையவன் அதே கீரையைப் பதினொன்றாவது தடவை வைத்தபோது வாங்கிக்கொண்டான்.