சிஇசட் 457 வார்மின்ட்: தடித்த பேரல் யாருக்கு?

சென்னையில் நான் சுடப் போகும் கிளப்பில் இந்த .22 (சின்னத் தோட்டா) ரைபிள் வந்ததிலிருந்து எல்லாருக்கும் ஒரே கேள்வி: பேரல் (தோட்டா பாயும் குழல்) இவ்வளவு தடிமனாக இருப்பதால் குறி துல்லியமாகிவிடுமா? தடிமன் மட்டும் துல்லியம் தராது, உள்ளே துளையும் மரையும் (தோட்டாவைச் சுழலவைக்கும் திருகு வெட்டுகள்) சரியாக இல்லாவிட்டால் வெளியே எவ்வளவு இரும்பு இருந்தும் பிரயோஜனமில்லை. ஆனால் தடிமன் வளையாமை தரும். விறைப்பு விட்டத்தின் நான்காம் மடிக்கு ஏற்பக் கூடும், அதாவது விட்டம் 10 சதவீதம் கூடினால் விறைப்பு கிட்டத்தட்ட 46 சதவீதம் ஏறும். அதனால் சுடும்போது பேரல் அதிர்வது குறையும். பெரிய தோட்டா ரைபிளில் சூடேறுவதும் தாமதமாகும் (ஆறுவதும் தாமதம்தான், இதை யாரும் சொல்வதில்லை), .22-இல் அந்தச் சூடு பெரிய விஷயமே இல்லை.

படுத்துச் சுட அருமை. முன்பக்கம் கனமாக இருப்பதால் குறி அலைபாயாமல் நிற்கிறது, ட்ரிகர் இழுக்கும்போது அசைவதில்லை. 50 மீட்டர் போட்டி இலக்கில் பத்துப் புள்ளி வட்டம் வெறும் 10.4 மில்லிமீட்டர், அங்கே இந்த நிதானம் ரொம்ப உதவும். நின்று சுட்டால் கதை வேறு, கொஞ்ச நேரத்திலேயே இடது தோள் கெஞ்ச ஆரம்பித்துவிடும். ஒல்லி உடம்புக்காரர்கள் மெல்லிய பேரல் மாடலையே எடுக்கலாம். பேரலைக் கழற்றி மாற்றும் வசதி இதில் உண்டு, எனக்கு அதுதான் பெரிய பிளஸ்.

அப்புறம், நம்ம ஊர் உப்புக்காற்றுக்குத் தடிமன் தெரியாது, சுட்டு முடித்ததும் எண்ணெய்த் துணியால் துடைத்தே வையுங்கள்.