தடையா, லேபிளா, விற்பனை நிபந்தனையா?

விலங்கை வதைக்கும் வளர்ப்பு முறையை உள்நாட்டில் தடுத்த பிறகு, அதே முறையில் வெளியூரில் விளைந்த இறைச்சியையும் முட்டையையும் என்ன செய்வது? உள்ளூர்ப் பண்ணைக்கு ஒரு சட்டம், கப்பலில் வரும் இறைச்சிக்கு இன்னொன்று என்றால் என்ன ஆகும்? பிரிட்டனைப் பாருங்கள். சினைப் பன்றி திரும்பிக்கூடப் படுக்க முடியாத ஒற்றைக் கூண்டை அங்கே 1999இல் தடை செய்தார்கள். அத்தகைய கூண்டில் அடைபட்ட தாய்ப்பன்றிகளின் குட்டிகளை வளர்த்து எடுத்த இறைச்சி வெளியிலிருந்து வருவதை மட்டும் தடுக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2013இல்தான் அசைந்தது. அப்போதும் சினையூட்டிய முதல் 4 வாரங்களுக்கு விலக்கு. இதற்கிடையே பிரிட்டனின் பன்றிப் பண்ணைகள் சுருங்கின. அதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் செலவு கூடிய பண்ணையாளரையே மலிவான இறக்குமதியோடு மோதவிட்டது எந்த ஊர் நியாயம்?

சுவிட்சர்லாந்து லேபிளை நம்புகிறது. கோழிக் கூண்டுகளை 1992லேயே ஒழித்த நாடு அது. கூண்டு முட்டை இறக்குமதியாகலாம், ஆனால் அந்த வளர்ப்பு முறைக்குச் சுவிட்சர்லாந்தில் அனுமதி இல்லை என்று அச்சிட்டாக வேண்டும். 2025 ஜூலையில் இது, வலி தெரியாமலிருக்க மரத்துப்போகும் மருந்து கொடுக்காமல் காயடித்த விலங்குகளின் இறைச்சிக்கும், வலுக்கட்டாயமாகத் தீனி திணித்த வாத்தின் ஈரலுக்கும் விரிந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் லேபிளைப் படிக்கிறவருக்கு மட்டுமே அது வேலை செய்யும். ஓட்டல் மேசையில் பசியோடு உட்கார்ந்தவர் எதைப் படிப்பார்?

அந்த ஈரலை இந்தியா 2014இல் ஒரே அறிவிக்கையில் இறக்குமதி செய்யத் தடை போட்டுவிட்டது. இங்கே அதைச் சாப்பிடுபவர்கள் ஒரு சிலர்தான். இழப்பதற்கு ஒன்றுமில்லாத இடத்தில் தடை போடுவது சுலபம்.

என் ஓட்டு கலிபோர்னியாவுக்கு. 2018இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 12ஆம் முன்மொழிவு, பன்றி எங்கே வளர்ந்தது என்று பார்ப்பதில்லை. எப்படி வளர்ந்தது என்று கேட்கிறது. தாய்ப்பன்றிக்கு 24 சதுர அடி இல்லையென்றால் அதன் குட்டியின் இறைச்சியை அந்த மாநிலத்தில் விற்க முடியாது. வழக்கமான கூண்டு சுமார் 2 அடி அகலம், 7 அடி நீளம்; அதாவது 14 சதுர அடி. பிற மாநிலப் பண்ணையாளர்கள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2023 மே மாதம் தோற்றார்கள். உள்ளூர்க்காரனுக்கும் வெளியூர்க்காரனுக்கும் ஒரே தராசு.

அதிலும் ஓட்டை உண்டு. சட்டம் பிடிப்பது சமைக்காத இறைச்சித் துண்டுகளை மட்டுமே. அதே பன்றி பீட்சாவின் மேல் ஏறி வந்தால் யாரும் 24 சதுர அடியைக் கேட்பதில்லை.