துபாயில் 11 வருட வாடகை: கராமா மேல்கட்டிலிலிருந்து இன்டர்நேஷனல் சிட்டி வரை

முதல் நான்கு வருடம் மாதம் தவறாமல் வாடகை கொடுத்தேன். ஆனாலும் நான் எங்கே குடியிருக்கிறேன் என்று சொல்ல என்னிடம் ஒரு காகிதம்கூட இல்லை. அதற்கப்புறம் ஏழு வருடமாக என் பெயரில் எஜாரி இருக்கிறது. அரபியில் எஜாரி என்றால் 'என் வாடகை'. வாடகை ஒப்பந்தத்தை அரசிடம் பதிவு செய்வதற்கு அதுதான் பெயர். ஊரிலிருந்து புதிதாக வரும் தம்பிகள் எல்லாரும் "எந்த ஏரியாவுல வாடகை கம்மிண்ணே?" என்றுதான் கேட்கிறார்கள். நானும் அதைத்தான் கேட்டேன். எஜாரி யார் பெயரில் இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

நான் வந்தது 2014இல். எக்ஸ்போ 2020 உலகக் கண்காட்சி துபாய்க்குத்தான் என்று அதற்கு முந்தைய நவம்பரில் அறிவித்திருந்தார்கள், வாடகை ஏறுமுகத்தில் இருந்தது. சம்பளம் 3,200 திர்ஹம், தங்குமிடம் நம் பாடு. கம்பெனி பத்து நாளைக்கு ஓர் அறை கொடுத்தது. அதற்குள் இடம் தேடியாக வேண்டும். கராமாவில் ஒரு விளக்குக் கம்பத்தில் தாள் ஒட்டியிருந்தது: "தமிழ், மலையாளி எக்ஸிக்யூட்டிவ் பேச்சிலருக்கு பெட் ஸ்பேஸ், மெட்ரோ அருகில்." கீழே வெட்டிவிட்ட போன் நம்பர் துண்டுகள் காற்றில் ஆடின. ஒன்றைக் கிழித்துக்கொண்டேன். பெட் ஸ்பேஸ் என்றால் அறையில் ஒரு கட்டில் மட்டும் வாடகைக்கு. எக்ஸிக்யூட்டிவ் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, சட்டையை இன் செய்துகொண்டு வேலைக்குப் போகிறவன், அவ்வளவுதான்.

ஒரு படுக்கையறை, ஒரு ஹால் உள்ள வீடு அது. ஹாலில் ஆறு பேர், உள்ளே நான்கு பேர். மேல்கட்டில் 750, கீழ்க்கட்டில் 850. கரண்ட், தண்ணீர், நெட், காஸ் எல்லாம் அதற்குள் அடக்கம். குளியலறைக் கதவில் நேர அட்டவணை ஒட்டியிருக்கும். என் முறை 5:40 முதல் 5:55 வரை. ஒருநாள் தூங்கிவிட்டால் அன்றைக்கு முகம் கழுவிக்கொண்டு போக வேண்டியதுதான்.

மூட்டைப்பூச்சியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. முதல் வாரம் கையில் வரிசையாக மூன்று மூன்று தடிப்பு வந்தது. புது ஊர்ச் சூடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். பக்கத்துக் கட்டில் சேட்டன்தான் சிரித்துக்கொண்டே பழைய சிம் கார்டு அட்டையை எடுத்து, என் மெத்தையின் தையல் மடிப்பில் ஓர் இழுப்பு இழுத்துக் காட்டினார். அட்டை முனையில் மிளகு விதைபோல் நாலைந்து, கூடவே கறுப்புப் புள்ளிகள். அந்தப் புள்ளிதான் அடையாளம், பூச்சி ஒளிந்திருந்தாலும் புள்ளி இருக்கும். வெள்ளிக்கிழமைதோறும் கட்டிலைப் பிரித்து, இரும்புச் சட்டத்தின் ஓட்டைகளில் கொதிதண்ணீர் ஊற்றினோம். பூச்சி குறைந்ததே தவிர ஒழியவில்லை. பக்கத்து ஃபிளாட்டிலும் அதே நேரத்தில் மருந்தடிக்காவிட்டால் சுவர் வழியாகத் திரும்பி வந்துவிடும்.

இவ்வளவுக்கும் கராமா எனக்குப் பிடித்திருந்தது. இறங்கினால் தோசைக்கடை, ஐந்து நிமிடத்தில் மெட்ரோ, இரவு பதினோரு மணிக்கும் தமிழ்க் குரல். தனி ஆள், மூவாயிரம் நாலாயிரம் சம்பளம் என்றால் கராமா, பர் துபாய், தேரா பக்கம் பெட் ஸ்பேஸ் எடுப்பதுதான் இன்றைக்கும் சரி என்பேன். வேலையிடத்துக்கு நடந்தோ மெட்ரோவிலோ போய்விடலாம் என்றால் மிச்சமாகும் காசு கொஞ்சநஞ்சமில்லை.

பிரச்சினை வேறு இடத்தில் இருந்தது. வீட்டை ஓனரிடமிருந்து ஒருவர் தன் பெயரில் எடுப்பார். அவர் மெயின் டெனன்ட். அவர் எங்களுக்குக் கட்டில் கட்டிலாகப் பிரித்துக் கொடுப்பார். ஓனரின் எழுத்துபூர்வச் சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடக்கூடாது என்று 2007ஆம் ஆண்டின் 26ஆம் எண் சட்டம் சொல்கிறது. எங்களில் யாருக்கும் அது தெரியாது, தெரிந்திருந்தாலும் என்ன செய்திருப்போம்? ஒரு மாத அட்வான்ஸைக் கையில் கொடுத்தேன். ரசீது கேட்டதற்கு "நம்மாளுக்குள்ள என்னப்பா ரசீது" என்றார். 2016இல் காலி செய்தபோது பெயின்ட் செலவு என்று சொல்லி 750ஐயும் பிடித்துக்கொண்டார். மேல்கட்டிலில் படுத்தவனுக்கு என்ன பெயின்ட் செலவோ!

அடுத்து சத்வாவில் ஒரு பார்ட்டிஷன், மாதம் 1,500. ஹாலை ஜிப்சம் பலகையால் நான்காகத் தடுத்திருந்தார்கள். எனக்கென்று ஒரு கதவு, ஒரு பூட்டு. பலகை கூரையைத் தொடாது, ஏசி காற்று போக ஒன்றரை அடி இடைவெளி. அடுத்த அறைக்காரர் நாலு மணிக்கு வைக்கும் அலாரம் எனக்கும் சேர்த்துத்தான். ஆனாலும் தனியறை என்ற சந்தோஷம் ஏழு மாதம் இருந்தது. ஒருநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால் பலகைகளைக் காணோம். அதிகாரிகள் சோதனைக்கு வந்து உடனே பிரிக்கச் சொல்லிவிட்டார்களாம். திறந்த ஹாலின் நடுவில் என் கட்டில் நிற்கிறது, அதன்மேல் என் சட்டைகள் ஹேங்கரோடு கிடக்கின்றன. மெயின் டெனன்ட் போன் சுவிட்ச் ஆஃப். அட்வான்ஸ் 1,500 போனது போனதுதான். புகார் கொடுக்கலாமே என்றார்கள். அங்கே குடியிருந்தேன் என்பதற்கே என்னிடம் சாட்சி இல்லையே.

பலகைத் தடுப்பு தீ விபத்தில் ஆளைக் கொல்லும் என்பது உண்மை. வெளியேறும் வழியை அது மறைக்கிறது. 2025 ஜூனில் ரிக்கா, சத்வா, பர்ஷா பக்கமெல்லாம் பெரிய அளவில் சோதனை நடந்து பலரும் இடம் மாறினார்கள். அனுமதியில்லாத பார்ட்டிஷனுக்கு இனிமேல் யாரும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

மறுபடியும் ஒன்றரை வருடம் பெட் ஸ்பேஸ். 2018இல் கல்யாணம். மனைவிக்கு விசா எடுக்க என் பெயரில் பதிவான வாடகை ஒப்பந்தம் வேண்டும் என்றார்கள். அப்போதுதான் எஜாரி என்ற சொல் என் காதில் சரியாக விழுந்தது.

நண்பர்கள் எல்லாரும் ஷார்ஜாவைச் சொன்னார்கள். அங்கே வாடகை குறைவுதான், மறுக்க முடியாது. ஒரு வாரம் நண்பன் வீட்டில் தங்கி அல் இத்திஹாத் ரோட்டில் போய்வந்து பார்த்தேன். காலையில் ஒன்றே கால் மணி நேரம், மாலையில் ஒன்றரை. வாடகையில் மிச்சம் பிடிப்பதைப் பெட்ரோலும் சாலிக் என்கிற சாலைச் சுங்கமும் தின்றுவிடும், மீதியைத் தூக்கம் கொடுக்கும். அங்கே வேலை இருப்பவர்களுக்கு ஷார்ஜா நல்ல ஊர். எனக்கு வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

கடைசியில் இன்டர்நேஷனல் சிட்டியில் ஒரு ஸ்டூடியோ கிடைத்தது. அங்கே சைனா, பெர்ஷியா, மொராக்கோ, இங்கிலாந்து என்று நாட்டின் பெயரில் கிளஸ்டர்கள். வருடத்துக்கு 32,000, அதை நான்கு தவணையாகப் பிரித்து நான்கு செக்காக முதலிலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். என் சம்பளம் அப்போது 6,500. மாதக் கணக்கில் 2,667 வருகிறது, சமாளிக்கலாம் என்று நினைத்துத்தான் போனேன். முதல் நாளிலேயே கொடுக்க வேண்டிய கணக்கைப் பார்த்துத் தலை சுற்றியது. முதல் செக் 8,000. டெபாசிட் ஐந்து சதவீதம், 1,600. புரோக்கர் கமிஷனும் ஐந்து சதவீதம்தான் வரும், ஆனால் குறைந்தபட்சம் 2,000 என்றார்கள். கரண்டும் தண்ணீரும் தருகிற அரசு நிறுவனத்தை தேவா என்பார்கள். அதற்கு டெபாசிட் 2,000, இணைப்புக்கு 130. எஜாரிக்கு 220. கூட்டினால் 13,950, இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல். இன்னொன்று: ஹவுசிங் ஃபீ என்று வருட வாடகையில் ஐந்து சதவீதத்தைப் பன்னிரண்டாகப் பிரித்து தேவா பில்லிலேயே சேர்த்துவிடுவார்கள். எனக்கு மாதம் 133. விளம்பரத்தில் இதெல்லாம் இருக்காது.

செக் எழுதிய அன்றைக்குக் கை நடுங்கியது. அதற்குமுன் வாழ்க்கையில் நான் செக் எழுதியதே இல்லை. மூன்றாவது செக்கில் கையெழுத்தின் வால் கொஞ்சம் நீண்டுவிட்டது. புரோக்கர் பையன் அதைக் கிழித்துப் போட்டு "பேங்க்ல இருக்கற மாதிரியே போடுங்க சார், இல்லன்னா திரும்பிடும்" என்றான். அப்போது செக் திரும்பினால் போலீஸ் கேஸ். 2022 ஜனவரியில் சட்டம் மாறி, கணக்கில் பணம் இல்லாமல் திரும்பும் செக்குகளில் பெரும்பாலானவை குற்றவியல் வழக்காவதில்லை. ஆனால் பணத்தை வசூலித்துத் தரச் சொல்லி ஓனர் நேராக நீதிமன்ற அமலாக்கத்துக்குப் போய்விடலாம். நான் இன்றைக்கும் செக் தேதிக்கு ஒரு வாரம் முன்பே பணத்தை வேறு கணக்கில் ஒதுக்கிவிடுவேன். செக்கை ஓனர் பெயருக்கு மட்டும்தான் எழுத வேண்டும், புரோக்கர் பெயருக்கு எழுதவே கூடாது. வீட்டுப் பத்திர நகலில் உள்ள பெயரும் செக்கில் எழுதும் பெயரும் ஒன்றா என்று பாருங்கள்.

வீட்டைப் பற்றிச் சொல்வதானால்: மெட்ரோ இல்லை, பஸ் பிடித்து ரஷீதியா ஸ்டேஷனுக்கு (இப்போது அதன் பெயர் சென்டர்பாயின்ட்) போக வேண்டும். நீல வழித்தடம் 2029இல் வரும் என்கிறார்கள். பக்கத்தில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், காற்று திரும்பும் இரவுகளில் ஜன்னலைத் திறக்க முடியாது. பார்க்கிங் சண்டை தினமும் உண்டு. டிராகன் மார்ட் நடக்கிற தூரம், குண்டூசி முதல் சோபா வரை அங்கேதான் வாங்கினேன். ஆனால் முதல் மாதம் தேவா பில் என் பெயரில் வந்ததும் அதை ஊரில் அப்பாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அவர் திர்ஹமை ரூபாயாக்கிப் பார்த்துவிட்டு "இவ்வளவா?" என்று மட்டும் கேட்டார்.

2020இல் கொரோனா. அதே கட்டடத்தில் புதிதாக வருகிறவர்களுக்குக் குறைத்துக் கொடுக்கிறார்கள் என்று நாத்தூர் சொன்னார். கட்டடக் காவலாளியை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம், அவரோடு டீ குடிக்கிற பழக்கம் மிகவும் உதவும். ஓனரிடம் கேட்டேன், 26,000க்கு இறங்கினார், ஆறு செக்குக்கும் ஒத்துக்கொண்டார். கேட்காமல் இருந்திருந்தால் 32,000தான்.

2023 ஆகஸ்டில் எல்லாம் தலைகீழ். ஒப்பந்தம் புதுப்பிக்க 25 நாள் இருக்கும்போது ஓனரிடமிருந்து வாட்ஸாப்: "இனி 40,000." பழைய பெட் ஸ்பேஸ் ஆளாக இருந்தால் அன்றிரவே பெட்டி கட்டியிருப்பேன். இப்போது என்னிடம் எஜாரி இருந்தது. வாடகையை மாற்ற வேண்டுமானால் 90 நாள் முன்பே சொல்ல வேண்டும் என்பது சட்டம். பணிவாக எழுதி அனுப்பினேன். "அப்படியானால் விற்கப்போகிறேன், காலி செய்" என்றார். விற்பதற்காகக் காலி செய்யச் சொன்னால் நோட்டரி மூலமோ பதிவுத் தபாலிலோ 12 மாத நோட்டீஸ் வேண்டும் என்று அதற்கும் பதில் அனுப்பினேன். நாலு நாள் அவரிடமிருந்து பேச்சே இல்லை. ஐந்தாம் நாள் அதே 26,000க்கு ஒப்பந்தம் வந்தது.

அடுத்த வருடம் அவர் முறையாக, மே மாதமே மெயில் அனுப்பினார், 36,000 கேட்டு. எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கு 2013ஆம் ஆண்டின் 43ஆம் எண் ஆணை இருக்கிறது. சந்தைச் சராசரியைவிட உங்கள் வாடகை பத்து சதவீதம் வரை குறைவு என்றால் ஏற்றவே முடியாது. 11 முதல் 20 வரை குறைவென்றால் ஐந்து சதவீதம் ஏற்றலாம், 21 முதல் 30 என்றால் பத்து, 31 முதல் 40 என்றால் பதினைந்து, அதற்கு மேல் இருபது. அரசு இணையதளக் கணக்கில் எனக்குக் காட்டிய சராசரி 38,000. என் 26,000 அதைவிடக் கிட்டத்தட்ட 32 சதவீதம் குறைவு, ஆக பதினைந்து சதவீதம்: 29,900. அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினேன். வாதாடாமல் ஒத்துக்கொண்டார். 2025 ஜனவரியிலிருந்து இந்தக் கணக்கைக் கட்டடவாரியாகவே பார்க்கலாம், கட்டடத்தின் தரத்தையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள்.

இந்தச் சட்டம் உள்ளே இருப்பவனுக்குத்தான் நிழல். வெளியே வந்து புதிதாகத் தேடுகிறவனுக்குச் சந்தை விலைதான். இந்த வருடம் ஓனர் நிஜமாகவே நோட்டரி மூலம் 12 மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டார், வீட்டை விற்கிறாராம். அவர் செய்தது முறைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதே கட்டடத்தில் ஸ்டூடியோ இப்போது 45,000க்கு மேல் போகிறது. இத்தனை வருடம் நான் குறைந்த வாடகையில் இருந்ததற்கு என் சாமர்த்தியம் பாதி, இடம் மாறாமல் இருந்தது பாதி. அல் குசைஸ், முஹைஸ்னா பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் நண்பனின் தம்பி ஊரிலிருந்து வந்தான். அவனுக்குக் கராமாவில் பெட் ஸ்பேஸ் பார்க்கப் போனோம். மேல்கட்டில் 1,000 என்றார் மெயின் டெனன்ட், நாற்பது வயதிருக்கும், நம்மூர்க்காரர்தான். கூடக் குடியிருப்பவர்களின் பெயரையும் அரசின் துபாய் ரெஸ்ட் ஆப்பில் சேர்க்க வேண்டும் என்று 2022லேயே சொல்லிவிட்டார்களே, இவன் பெயரைச் சேர்ப்பீர்களா என்று கேட்டேன். அவர் ஏசியை நிமிர்ந்து பார்த்தார். "பார்க்கலாம்ணே" என்றார். அதற்குள் பையன் ஏணியில் ஏறி மெத்தையைத் தட்டிப் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்றான். நான் போனில் டார்ச்சைப் போட்டு, பர்ஸிலிருந்து ஒரு பழைய அட்டையை எடுத்து அவன் கையில் கொடுத்து, தையல் மடிப்பைக் காட்டினேன்.