டூட்டி கால்களுக்கு கம்ப்ரஷன் ஸ்டாக்கிங்ஸ்: வாங்கலாம், ஆனால் அளந்து வாங்குங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழங்கால் வரை வந்து காலை அழுத்திப் பிடிக்கும் சாக்ஸான கம்ப்ரஷன் ஸ்டாக்கிங்ஸ் நர்ஸ் வேலைக்கு உபயோகமான பொருள்தான், கொடுக்கிற காசுக்கு மோசமில்லை. ஆனால் எந்தக் கம்பெனி என்பதைவிட அளவு சரியாக இருக்கிறதா என்பதுதான் விஷயம். அளவு தப்பினால் மூவாயிரம் ரூபாய் ஜோடியும் பீரோவுக்குள் போய்விடும். கம்பெனி பெயர் சொல்லி ஸ்டார் போடாமல் இதை எழுதுவதற்கும் அதுதான் காரணம், என் காலுக்குப் பொருந்தியது உங்கள் காலுக்குப் பொருந்தும் என்று ஒன்றும் இல்லை.

மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சர்ஜிக்கல் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். நைட் பன்னிரண்டு மணி நேரம், விடிந்ததும் அடுத்த சிஸ்டர் வரவில்லை என்றால் அந்த டூட்டியும் சேர்த்து அப்படியே டபுள். வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றினால் கணுக்காலுக்கு மேலே சாக்ஸ் எலாஸ்டிக் பள்ளமாகப் பதிந்திருக்கும், விரலால் அமுக்கினால் குழி விழுந்து மெதுவாக எழும்பும். இதையே நோயாளிக்குப் பார்த்தால் 'பிட்டிங் எடிமா' என்று கேஸ் ஷீட்டில் எழுதி டாக்டருக்கு இன்ஃபார்ம் பண்ணுவோம், நம் காலில் இருந்தால் அசதி என்று சொல்லி வெந்நீர் ஊற்றிக்கொண்டு படுத்துவிடுவோம்.

"நாம என்ன நிக்கவா செய்றோம், ஓடிக்கிட்டுல்ல இருக்கோம், நமக்கு எதுக்கு இது" என்று எங்கள் வார்டில் ஒரு அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. நடக்கும்போது கெண்டைக்கால் சதை சுருங்கி ரத்தத்தை மேலே தள்ளுகிறது, நின்றால் அந்த வேலை நின்றுபோகிறது. அசையாமல் நிற்கும் ஒருவரின் கணுக்காலில், ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகிற சிரையின் அழுத்தம் 90 எம்எம்எச்ஜி பக்கம் இருக்கும், நடக்க ஆரம்பித்தால் 30 வாக்கில் இறங்கிவிடும். பி.பி. பார்க்கிற அதே எம்எம்எச்ஜிதான். அதனால் ஓடுகிற நேரம் உண்மையில் பிரச்சினை இல்லை, நிற்கிற நேரம்தான் பிரச்சினை. எங்கெல்லாம் நிற்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். மருந்து ட்ராலி முன்னால், ட்ரெஸ்ஸிங்குக்கு அசிஸ்ட் பண்ணும்போது, கவுண்டரில் குனிந்து சார்ட் எழுதும்போது, டாக்டர் ரவுண்ட்ஸில் ஒவ்வொரு கட்டிலுக்கும் பக்கத்தில். ஓ.டி. (ஆபரேஷன் தியேட்டர்) சிஸ்டர்கள் பாவம், கையைக் கழுவி ஸ்க்ரப் பண்ணி நின்றால் கேஸ் முடியும்வரை ஒரே இடம்தான். போதாததற்கு நாற்காலி காலியாகக் கிடந்தாலும் உட்கார்ந்தால் முறைக்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். துணிக்கடை மாதிரி இடங்களில் வேலை பார்ப்பவர்கள் உட்கார வசதி செய்து தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தையே திருத்தினார்கள், நல்ல விஷயம், நம் நர்சிங் ஸ்டேஷன் பக்கமும் யாராவது எட்டிப் பார்த்தால் தேவலை.

சரி, பொருளுக்கு வருவோம். பெட்டியில் எம்எம்எச்ஜி எண் போட்டிருந்தால்தான் அது கம்ப்ரஷன் ஸ்டாக்கிங்ஸ், இல்லாவிட்டால் சும்மா இறுக்கமான சாக்ஸ். கணுக்காலில் அழுத்தம் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் இருக்கும்படி நெய்திருப்பார்கள், அதில்தான் எல்லாமே இருக்கிறது. சாதாரணமாக நின்று வேலை பார்ப்பவர்களுக்கு 15 முதல் 20 வரை போதும். கிளாஸ் 1 என்று ஜெர்மன் கணக்கில் போட்டிருந்தால் 18 முதல் 21, கிளாஸ் 2 என்றால் 23 முதல் 32. ஏற்கனவே நரம்பு சுருட்டிக்கொண்டு வெளியே தெரிகிறவர்களுக்கு, அதாவது வெரிகோஸ் இருப்பவர்களுக்கு, டாக்டர்கள் பெரும்பாலும் கிளாஸ் 2 எழுதுவார்கள், அதை நாமாகப் போய் வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டாம். என்னுடையது கிளாஸ் 1.

எங்கள் ஹாஸ்டல் பெண் ஒருத்தி ஆன்லைனில் முந்நூறு ரூபாய்க்குள் மூன்று ஜோடி வாங்கினாள். அதில் எம்எம்எச்ஜி என்ற பேச்சே இல்லை, ஷூ சைஸை வைத்து எஸ், எம், எல். கணுக்காலில் தொளதொள, முழங்காலுக்குக் கீழே மட்டும் சுருக்குப் போட்ட மாதிரி இறுக்கம், அதாவது வேண்டியதற்கு நேர் எதிர். ஐ.வி. போடும்போது கட்டுகிற டூர்னிக்கேயை நாள் முழுக்கக் கட்டிக்கொண்டு திரிவதற்குக் காசு கொடுத்த கதை. நல்ல ஜோடியையும் நாம் அப்படிக் கெடுத்துவிட முடியும், நீளம் அதிகமாக இருக்கிறதே என்று மேல் ஓரத்தை மடித்துவிட்டால் அந்த இடத்தில் அழுத்தம் இரட்டிப்பாகிவிடும். மடிக்கவே கூடாது.

இன்னொன்று, இதைச் சொன்னால் சில பேருக்குக் கோபம் வரலாம். ஆபரேஷன் நோயாளிகளுக்குக் காலில் ரத்தம் கட்டாமல் இருக்கப் போடுகிற வெள்ளை ஆன்டி எம்பாலிசம் ஸ்டாக்கிங்ஸை, பாதத்துப் பக்கம் ஓட்டை இருக்குமே, அதை டூட்டிக்குப் போட்டுக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது படுத்திருக்கும் ஆளுக்காகச் செய்தது, கணுக்காலில் 18 வாக்கில், தொடைக்குப் போனால் 8 என்று அழுத்தம் படுத்த காலுக்குக் கணக்குப் பார்த்து வைத்தது. எழுந்து நடமாடும் காலுக்கு அந்தக் கணக்கு சரிவராது. அந்த ஓட்டையும் நோயாளியின் விரல் நீலம் பாரிக்கிறதா என்று நாம் பார்ப்பதற்குத்தான், காற்றோட்டத்துக்கு இல்லை.

வாங்கியது பனகல் ரோட்டில், பெரியாஸ்பத்திரி பக்கம் வரிசையாக இருக்கும் சர்ஜிக்கல் கடைகளில் ஒன்றில். முதலில் ஏறிய கடையில் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு "எம் சரியா இருக்கும் மேடம்" என்று பெட்டியை எடுத்து வைத்தார்கள். டேப் இருக்கிறதா என்றால் இல்லை. இறங்கி அடுத்த கடைக்குப் போனேன். அங்கே இருந்த பெரியவர் காலைப் பார்த்தார், மணியைப் பார்த்தார், "டூட்டி முடிச்சு நேரா வாரீங்களா சிஸ்டர்? இப்ப அளந்தா வீங்குன காலுக்குத்தான் சைஸ் வரும். நாளைக்குக் காலைல எந்திரிச்சதும், கட்டிலை விட்டு இறங்கி நடக்கிறதுக்கு முன்னாடி அளந்து ஒரு சீட்டுல எழுதிட்டு வாங்க" என்றார். வந்த வியாபாரத்தைத் திருப்பி அனுப்புகிற கடைக்காரரை நம்பாமல் யாரை நம்புவது? அளவு மூன்று: கணுக்கால் எலும்புக்குச் சற்று மேலே ஒல்லியான இடத்தின் சுற்றளவு, கெண்டைக்காலில் பருத்த இடத்தின் சுற்றளவு, தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை உயரம். இரண்டு காலையும் அளக்க வேண்டும், எனக்கு வலது கெண்டை இடதைவிடக் கொஞ்சம் பெருசு என்பதே அன்றுதான் தெரியும். பெட்டியில் உள்ள அட்டவணை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒன்றில் எம் என்றால் இன்னொன்றில் எல் ஆகலாம்.

மாட்டுவது தனிக் கலை. சாதாரண சாக்ஸ் மாதிரி சுருட்டிப் பிடித்து இழுத்தால் நகம்தான் பெயரும். உள்ளே கையை விட்டு குதிகால் பகுதியைப் பிடித்து, அதுவரை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, பாதத்தை நுழைத்து, குதிகால் அதன் பையில் சரியாக உட்கார்ந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்ற வேண்டும். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டால் பிடி கிடைக்கும், பாத்திரம் கழுவுகிற கையுறையே போதும். கால் ஈரமாக இருந்தால் நடக்கிற காரியமில்லை, நன்றாகத் துடைத்துக் கொஞ்சம் பவுடர் தட்டிக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் எரிச்சலாகத்தான் இருக்கும், ஏழரை மணி டூட்டிக்கு ஏழு மணிக்கு உட்கார்ந்து சாக்ஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் கோபம் வராது. பழகிவிட்டால் தலை பின்னுகிற நேரம்கூட ஆகாது.

கல்யாணமானவர்கள் கவனிக்க வேண்டியது மெட்டி. மூடிய விரல் மாடலில் மெட்டியின் ஓரம் மாட்டி நூலை இழுத்துவிடும், அப்புறம் அந்த இடத்தில் ஓட்டை பெருகிக்கொண்டே போகும். நான் திறந்த விரல் மாடல் வாங்கினேன், மேலே மெல்லிய காட்டன் சாக்ஸ், அதற்கு மேல் ஷூ. கொலுசை மட்டும் தயவு தாட்சண்யம் இல்லாமல் கழற்றிவிடுங்கள், உள்ளே மாட்டினால் சலங்கை ஒவ்வொன்றும் தோலில் அச்சாகப் பதியும்.

குறைகள் இல்லாமல் இல்லை. மதுரை வெயிலில், ஏ.சி. இல்லாத ஜெனரல் வார்டில் முழங்கால் மடிப்பில் வியர்த்து அரிக்கும், நைட்டில் மூன்று மணி வாக்கில் அந்த அரிப்பு வந்தால் பொறுக்க முடியாது. மேல் ஓரத்தில் சிலிகான் பட்டை வைத்த மாடல் கீழே இறங்காது என்பார்கள், உண்மைதான், ஆனால் எனக்கு அந்த இடமே சிவந்து தடித்தது, பட்டை இல்லாததுக்கு மாறிக்கொண்டேன். நிறம் இன்னொரு கூத்து. ஸ்கின் கலர் என்று ஒன்றைக் காட்டினார்கள், அந்தக் கலரில் எங்கள் வார்டில் யாருக்கும் ஸ்கின் கிடையாது. கறுப்பு எடுத்தால் யூனிஃபார்ம் வெள்ளைக்கு இன்சார்ஜ் சிஸ்டர் ஏதாவது சொல்வார் என்று பேசாமல் அதையே எடுத்துக்கொண்டேன். பேன்ட் போடுகிற யூனிஃபார்ம் என்றால் எந்த நிறமும் ஓடும்.

பலன்? டூட்டி முடிந்ததும் கால் கனமாகத் தொங்குகிற அந்த உணர்வு நன்றாகவே குறைந்திருக்கிறது. டூட்டிக்குப் போகும்போது ஷூ பொருந்திய மாதிரியே வரும்போதும் பொருந்துகிறது, கணுக்காலில் குழி விழுவதில்லை. மாசமாக இருந்துகொண்டு எட்டாம் மாதம் வரை டூட்டி பார்த்த ஒரு தங்கச்சி டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் போட்டாள், அவளும் இதையே சொன்னாள். வெளியே தெரிகிற வெரிகோஸ் மறைந்துவிடும் என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம், அது இதனால் ஆகாது.

குதிகால் வலிக்கும் இது மருந்தில்லை, அதற்கு நல்ல ஷூ வேண்டும், அதுவும் முன்பக்கம் மூடியதாக, ஊசி விழுந்தால் காலைக் காப்பதற்கு. நோயாளியைத் தூக்கித் திருப்பி வருகிற இடுப்பு வலிக்கும் சம்பந்தமில்லை. பாத்ரூம் போக நேரமில்லை என்று தண்ணீரே குடிக்காமல் இருந்து சிறுநீர்த் தொற்றை வாங்கிக்கொள்கிறோமே, அதற்கும் சாக்ஸ் ஒன்றும் செய்யாது. இந்திய நர்சிங் கவுன்சில் கணக்குப்படி ஜெனரல் வார்டில், டீச்சிங் ஆஸ்பத்திரி என்றால் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற இடத்தில் ஐந்துக்கு ஒருவர். நைட்டில் உங்கள் வார்டில் எத்தனைக்கு ஒருவர் என்று எண்ணிப் பாருங்கள், கால் ஏன் வீங்குகிறது என்பதில் பாதி அங்கே கிடைத்துவிடும். மேனேஜ்மென்ட் ஆள் போடாமல் ஆளுக்கொரு ஜோடி சாக்ஸ் வாங்கித் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் ஆள் கேட்பதை நிறுத்த வேண்டாம்.

விலை ஒரு ஜோடி ஆயிரத்துக்குக் கீழேயும் இருக்கிறது, மூவாயிரத்துக்கு மேலேயும் இருக்கிறது. நடுத்தரத்தில் எடுத்தது எனக்குப் போதுமானதாக இருக்கிறது. 2016-ல் மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் ஆஸ்பத்திரியிலும் நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே வாங்குகிறவர்கள் இன்னும் நம்மோடு டூட்டி பார்க்கிறார்கள், அவர்களிடம் போய் "ரெண்டு ஜோடி வாங்கிக்கோ" என்று சொல்ல வாய் வரவில்லை. ஆனால் உண்மையில் இரண்டு ஜோடி வேண்டும், ஒன்றைத் துவைத்துக் காயப்போட்டால் மற்றொன்று. ஒரு ஜோடிதான் முடியும் என்றால் டூட்டி முடிந்து வந்ததும் அலசி மின்விசிறிக்குக் கீழே போட்டுவிடுங்கள், அடுத்த டூட்டிக்குள் காய்ந்துவிடும்.

துவைப்பது லேசான சோப்பில், கையால், முறுக்கிப் பிழியாமல், டவலுக்குள் வைத்து அழுத்தி ஈரம் எடுத்து, நிழலில். எங்கள் ஹாஸ்டல் மொட்டைமாடியில் சித்திரை வெயிலில் காய்ந்த ஒரு ஜோடி சீக்கிரமே தளர்ந்துபோனது. ஒழுங்காக வைத்துக்கொண்டாலும் ஆறு மாதம் வாக்கில் எலாஸ்டிக் தளர்ந்துவிடும் என்றுதான் கம்பெனிகளே சொல்கின்றன. மாட்டும்போது சிரமமே இல்லாமல் சரக்கென்று ஏறுகிறது என்றால் அதன் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

சர்க்கரை இருந்து காலில் உணர்ச்சி குறைந்தவர்கள், காலுக்கு ரத்தம் போகிற தமனியில் அடைப்பு இருப்பவர்கள் டாக்டரிடம் காட்டாமல் போடக் கூடாது. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால் அது டி.வி.டி.யாக, அதாவது காலின் ஆழத்திலுள்ள சிரையில் ரத்தம் கட்டியதாக இருக்கலாம், அதற்கு மேல் சாக்ஸ் மாட்டிக்கொண்டு டூட்டிக்குக் கிளம்பாமல் நேராகக் காட்டுங்கள். போட்ட பிறகு விரல் மரத்தாலோ நிறம் மாறினாலோ உடனே கழற்ற வேண்டும். தூங்கும்போது தேவையில்லை.

பிரித்த பெட்டியைக் கடைகளில் பெரும்பாலும் திரும்ப எடுப்பதில்லை. அதனால் சீட்டில் எழுதிய மூன்று அளவையும் பெட்டி மேல் இருக்கும் அட்டவணையோடு கடையிலேயே ஒத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் பில் போடச் சொல்லுங்கள்.