டெபியன் 7 முதல் 12 வரை: ஆர்சிஸ்லாக்கோடு என் அனுபவம்

ஒன்பது நாள் தொடர்ந்து காலை ஆறு மணிக்கு எனக்கு நல்ல செய்தியாகவே மெயில் வந்துகொண்டிருந்தது. "நேற்று தோல்வியடைந்த லாகின் முயற்சிகள்: 0." இணையத்துக்குத் திறந்து கிடக்கும் சர்வரின் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து உள்ளே நுழையும் வழி) கதவை ஒரு நாள் முழுக்க ஒருவர்கூடத் தட்டவில்லை என்றால் அது நல்ல செய்தி இல்லை, எங்கேயோ எதுவோ கெட்டிருக்கிறது என்பது பத்தாவது நாள்தான் எனக்கு உறைத்தது. டெபியன் லினக்ஸ் 11இலிருந்து 12க்குப் போனபோது, சர்வரில் நடப்பவற்றின் பதிவுகளை (லாக்) எழுதிவைத்து அனுப்பும் மென்பொருளான ஆர்சிஸ்லாக்கும் 8.2102இலிருந்து 8.2302க்குப் போயிருந்தது. என்ன மாறியது என்று வெளியீட்டுக் குறிப்பில் தெளிவாக எழுதித்தான் இருந்தார்கள். நான்தான் படிக்கவில்லை. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

எங்களிடம் ஏறத்தாழ முப்பது சர்வர்கள். எல்லாவற்றின் லாக்கும் ஒரே மைய சர்வருக்கு வந்து சேரும். 2013இல் டெபியன் 7இல் இருந்த 5.8 பதிப்போடு தொடங்கினோம். ஆர்சிஸ்லாக்கை ஜெர்மனியைச் சேர்ந்த ரைனர் கெர்ஹார்ட்ஸ் 2004இல் சிஸ்கேலாக்டி என்ற பழைய லாக் மென்பொருளிலிருந்து பிரித்து எழுத ஆரம்பித்தார். 2009இல் வந்த ஆர்எஃப்சி 5424 என்ற சிஸ்லாக் (லாக் செய்திகளை அனுப்பும்) நெறிமுறையை எழுதியவரும் அவர்தான். நான் இதைத் தேர்ந்தெடுத்ததற்கு இவையெல்லாம் காரணம் இல்லை. டெபியனோடு தானாக வந்தது, வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

முதலில், போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காத யுடிபி முறையில், 514ஆம் போர்ட் வழியாக அனுப்பினோம். யுடிபியில் லாக் தொலைந்தால் தொலைந்ததே தெரியாது. சரி, இணைப்பு ஏற்படுத்தி அனுப்பும் டிசிபிக்கு மாறலாம் என்று மாறினேன். மைய சர்வர் விழுந்துவிட்டால் செய்திகளைத் தூக்கிப் போடாமல் திரும்பத் திரும்ப முயற்சி செய்யட்டும் என்று மறுமுயற்சி எண்ணிக்கையை -1 ஆக்கினேன். "எல்லை இல்லாமல் முயற்சி செய்" என்று அதற்குப் பொருள். செய்தியை ஓரிடத்துக்கு அனுப்பும் இப்படிப்பட்ட விதியை ஆக்‌ஷன் என்பார்கள். அந்த ஆக்‌ஷனுக்குத் தனியாக ஒரு கியூ (செய்திகள் காத்திருக்கும் வரிசை) வைக்க வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

ஒரு சனிக்கிழமை இரவு மைய சர்வரின் டிஸ்க் போனது. லாக் சர்வர்தானே, திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். ஞாயிறு காலையில் ஒவ்வொரு சர்வராக உறைய ஆரம்பித்தது. வெப்சைட் ஓடுகிறது, பிங் போகிறது, ஆனால் எஸ்எஸ்எச்சில் பாஸ்வேர்டு கொடுத்தால் அப்படியே நிற்கிறது. ஏற்கெனவே உள்ளே இருந்த ஒரு விண்டோவில் சூடோ (நிர்வாகி உரிமையோடு கட்டளை ஓட்டுவது) அடித்தால் அதுவும் நிற்கிறது. ஹேக் ஆகிவிட்டோம் என்றே நினைத்தேன். நடந்தது இதுதான்: போய்ச்சேர முடியாத செய்திகள் முக்கிய கியூவில் குவிந்து அது நிரம்பிவிட்டது. நிரம்பியதும் ஆர்சிஸ்லாக், அதே சர்வரின் மென்பொருள்கள் செய்தி போடும் உள்ளூர் சாக்கெட்டைப் படிப்பதை நிறுத்திவிட்டது. எஸ்எஸ்எச், சூடோ போன்றவை லாகின் விவரத்தைச் சிஸ்லாக்கிடம் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வேலையைப் பார்க்கும். கேட்க ஆள் இல்லாததால் அவை காத்துக்கொண்டே இருந்தன. லாக் சர்வர் ஒன்று செத்ததற்கு முப்பது சர்வர்களின் வாசலும் அடைபட்டது. மென்பொருளின் மேல் தப்பில்லை, நான் சொன்னதை அது அப்படியே செய்தது.

அன்றிலிருந்து வெளியே அனுப்பும் ஒவ்வொரு ஆக்‌ஷனுக்கும் தனி கியூ வைக்கிறேன். நினைவகத்தில் ஓடும், நிரம்பினால் டிஸ்க்கில் எழுதும், நிறுத்தும்போது மிச்சத்தைச் சேமித்துவைக்கும் வகை. டிஸ்க் அளவுக்கு ஒரு வரம்பும் உண்டு. வரம்பு போடாவிட்டால் அடுத்த ஞாயிறு டிஸ்க் நிரம்பி வேறு விதமாக உறையும்.

சர்வர்களுக்கு இடையே டிசிபியையும் பின்னர் விட்டுவிட்டு ஆர்இஎல்பி என்ற நெறிமுறைக்கு வந்தோம். வெறும் டிசிபியில், இணைப்பு அறுந்தால் அந்த நேரத்தில் கெர்னல் பஃபரில் இருந்த செய்திகள் போயே போய்விடும். அனுப்பியவருக்கு அது "போய்ச் சேர்ந்தது" கணக்கில் இருக்கும். ஆர்இஎல்பியில் மறுமுனை ஒவ்வொன்றுக்கும் "வாங்கிக்கொண்டேன்" என்று சொல்லும். பதிவுத் தபாலுக்கும் சாதாரணத் தபாலுக்கும் உள்ள வித்தியாசம். டெபியனில் இதற்குத் தனிப் பொதி நிறுவ வேண்டும், அதை மறந்துவிட்டு அரை மணி நேரம் கான்ஃபிக்கை முறைத்துக்கொண்டு உட்கார்ந்த அனுபவமும் உண்டு.

டெபியன் 8இல் 8.4 வந்தது. எழுதும் முறையே மாறிப்போயிருந்தது. டாலர் குறியில் தொடங்கும் பழைய வரிகளும் வேலை செய்யும், அடைப்புக்குறி போட்டு எழுதும் புதிய முறையும் வேலை செய்யும். இது வசதியா வினையா என்று இன்றுவரை எனக்குத் தீர்மானமில்லை. பழைய முறையில் ஒரு டாலர் வரி அதற்குப் பின்னால் வரும் எந்த ஆக்‌ஷனுக்குப் பொருந்தும் என்பது வரிசையைப் பொறுத்தது. ஒரு வரியை மேலே நகர்த்தினால் அர்த்தமே மாறும். எல்லாவற்றையும் புதிய முறைக்கு மாற்றி எழுத எனக்கு இரண்டு வாரம் ஆனது. இத்தனை வருடத்தில் செய்ததில் மிகவும் பயனுள்ள வேலை அதுதான். தேடினால் கிடைக்கும் உதாரணங்களில் பாதி இன்னும் பழைய முறையிலேயே இருக்கின்றன, புதிதாக வருபவர்கள் அங்கேதான் குழம்புகிறார்கள்.

பதிப்பு எண் பற்றி ஒரு சின்ன விஷயம். 8.40க்கு அடுத்து வந்தது 8.1901. "நடுவில் ஆயிரத்து எண்ணூத்திச் சொச்சம் பதிப்பு எங்கண்ணே போச்சு?" என்று கூட வேலை பார்க்கும் தம்பி கேட்டான். எங்கேயும் போகவில்லை, 2019 ஜனவரி என்பதைத்தான் 1901 என்று போட ஆரம்பித்தார்கள். அதனால் 8.2302 என்று பார்த்ததும் இது 2023 பிப்ரவரிச் சரக்கு என்று தெரிந்துவிடும்.

புதிய வசதிகளில் நான் உண்மையாகவே பயன்படுத்துவது குறைவு. எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளுக்கு நேராக அனுப்பும் மாட்யூலை ஆறு மாதம் வைத்திருந்தேன், எங்கள் அளவுக்கு அது தேவைப்படவில்லை. பிழைத்திருத்தங்களில்தான் எனக்கு லாபம். ஐஎம்ஃபைல் ஒரு உதாரணம். சிஸ்லாக்குக்கு எழுதத் தெரியாத மென்பொருள்களின் லாக் கோப்பைப் படித்து அனுப்பும் மாட்யூல் இது. எதுவரை படித்தோம் என்று ஒரு குறிப்புக் கோப்பு வைத்துக்கொள்ளும், அதன் பெயரில், கோப்புக்குக் கோப்பு முறைமை கொடுக்கும் ஐநோட் எண் இருக்கும். லாக் கோப்புகளைச் சுழற்றும் லாக்ரொட்டேட் பழைய கோப்பை அழித்துப் புதிதாக ஒன்றை உருவாக்கும்போது கோப்பு முறைமை அதே ஐநோட்டைத் திரும்பக் கொடுத்துவிடலாம். அப்போது பேர் ஒன்றாக இருப்பதை வைத்து ஆளும் ஒன்று என்று நினைப்பதுபோல் ஆகிவிடும். புதிய கோப்பின் தொடக்க வரிகள் விட்டுப்போகும். பின்னாளில் கோப்பின் தொடக்கத்திலிருந்து ஒரு ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளம்) எடுத்து அதையும் பெயரில் சேர்த்தார்கள். எனக்கு வாரம் ஒரு முறை காணாமல்போன சில வரிகள் அதற்குப் பிறகு காணாமல்போகவில்லை. மாற்றப்பட்டியலில் ஓரிரு வரியில் முடிந்துபோகிற சமாச்சாரம் இது.

2022 மே மாதம் வந்த சிவிஇ-2022-24903 என்ற பாதுகாப்புக் குறைபாடு வேறு வகை. டிசிபி வழியாக வாங்கும் மாட்யூல்களில், செய்தியின் நீளத்தைச் சொல்லும் எண்ணைப் படிக்கும் இடத்தில் ஹீப் ஓவர்ஃப்ளோ, அதாவது ஒதுக்கிய நினைவகத்தைத் தாண்டி எழுதும் பிழை. 8.2204.1இல் சரிசெய்தார்கள். ஆர்இஎல்பி தெரியாத இரண்டு மூன்று நெட்வொர்க் கருவிகளுக்காக டிசிபி போர்ட் ஒன்றைத் திறந்துதான் வைத்திருந்தேன், உள் நெட்வொர்க்குக்கு மட்டும். அன்று மாலையே அப்டேட் செய்தேன். ஆனால் டெபியனில் அடிப்படை எண் 8.2102ஆகவே இருக்கும், திருத்தத்தை மட்டும் பின்னோக்கி ஒட்டுவார்கள். இதை மேலாளருக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. "8.2204ஐ விடச் சின்ன எண்ணாக இருக்கிறதே" என்று அவர் கேட்டது நியாயமான கேள்விதான்.

இனி அந்த ஒன்பது நாள் கதை. டெபியன் 12இல் ஆர்சிஸ்லாக்கின் இயல்பான நேர வடிவம் மாறியது. "ஜூன் 14 06:00:01" என்ற பாணியிலிருந்து ஆண்டு, மைக்ரோநொடி, நேர மண்டலம் எல்லாம் உள்ள ஐஎஸ்ஓ பாணிக்கு. கூடவே, சிஸ்லாக் கோப்பில் இருப்பதையே திரும்ப எழுதிவந்த மெசேஜஸ், டீபக், டீமன் கோப்புகளும் நின்றுபோயின. என் மாற்றங்களை எல்லாம் ஒழுங்காகத் தனிக் கோப்புகளில் வைத்திருந்ததால், மூலக் கான்ஃபிக்கை என்னைக் கேட்காமலே புதியது மாற்றிக்கொண்டது. நல்ல பழக்கமே காலை வாரிய இடம் அது. என் ஸ்கிரிப்ட் மாதப் பெயரையும் தேதியையும் வைத்துத் தேடும். ஒன்றும் கிடைக்காது. பூஜ்யம் என்று மெயில் அனுப்பும்.

ஒரே வரி எழுதிப் பழைய வடிவத்துக்குத் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. பழைய வடிவத்தில் ஆண்டே கிடையாது, டிசம்பர் 31 இரவு என்ன நடந்தது என்று அடுத்த வருடம் தேடிப் பார்த்தவர்களுக்கு அந்த வலி தெரியும். வெளியே வாடகைக்கு எடுத்த எங்கள் சர்வர்கள் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன, அலுவலகத்தில் இருப்பவை நம் நேரத்தில். இப்போது +05:30 என்று வரியிலேயே இருப்பதால் மனக்கணக்கு போட வேண்டியதில்லை.

டெபியன் 12ஐப் புதிதாக நிறுவினால் ஆர்சிஸ்லாக் தானாக வருவதில்லை, கூடவே வரும் லாக் மென்பொருளான ஜர்னல்டியே போதும் என்று விட்டுவிட்டார்கள். ஒற்றை மெஷினுக்கு அது போதும்தான். மையத்துக்கு அனுப்ப வேண்டியிருப்பதால் நான் இன்னும் கையால் நிறுவுகிறேன்.

இம்ப்ஸ்டாட்ஸ் மாட்யூலை எல்லா சர்வரிலும் போட்டிருக்கிறேன். கியூவில் எத்தனை நிற்கிறது, எத்தனை விழுந்தது, எந்த ஆக்‌ஷன் நின்றுபோயிருக்கிறது என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அதுவே சொல்லும். மேம்படுத்துவதற்கு முன்னும் பின்னும் இந்த எண்களை ஒப்பிட்டுப் பார்ப்பேன். கான்ஃபிக்கைச் சோதிக்கும் -என்1 கட்டளை எழுத்துப்பிழையைப் பிடிக்கும், என் புத்திப்பிழையைப் பிடிக்காது.

அந்தக் காலை ஸ்கிரிப்டையும் மாற்றிவிட்டேன். பூஜ்யம் வந்தால் இப்போது மெயில் இல்லை, எஸ்எம்எஸ். போன மாதம் ஒரு முறை வந்தது. அடித்துப் பிடித்துப் போய்ப் பார்த்தால், வெளியிலிருந்து வரும் 22ஆம் போர்ட்டை முந்தைய நாளே ஃபயர்வாலில் மூடியிருக்கிறான் தம்பி. உண்மையிலேயே பூஜ்யம்.